எம்.டி.யின் அப்பா

மேடையில் நின்று பேசுகிற மனிதர் அதே நேரத்தில் போனில் நன்றி என்று எப்படி எழுதுவார் என்று இந்த மூன்று வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள். பதில் வந்துவிட்டால் போதும், யார் விரல் என்று யாருக்கு என்ன கவலை. எம்.டி.யின் போன் என் கையில் சூடாக இருக்கிறது. என்னுடையது கைப்பையில் கிடக்கிறது. அவிநாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றின் பெரிய ஹால், கடைசிக்கு முந்தைய வரிசை, ஓரத்து நாற்காலி, ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் இறங்குகிறது. காலை பதினொன்று இருபது. தொழிலதிபர்கள் சங்கம் ஒன்று எங்கள் எம்.டி. அனந்தகிருஷ்ணனுக்கு விருது கொடுக்கிறது, சமூக வலைத்தளத்தில் அதிக நம்பிக்கை பெற்ற நிர்வாகி என்று. கேமராக்காரர்கள் அதை அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் நேரலையாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் கீழே வந்து விழுகிற கருத்துகளுக்கு அவர் பெயரில் பதில் போடுவது என் வேலை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் பதிவு இன்னும் பல பேர் கண்ணில் படும். ஒரே வாக்கியத்தை இரண்டு பேருக்குப் போடக் கூடாது. நன்றி சொல்வதற்கு மட்டும் என்னிடம் நாற்பத்திரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. உங்கள் அன்புக்குத் தலைவணங்குகிறேன், அது ஒன்று. இந்தச் சொற்களை மனதில் பத்திரமாக வைத்துக்கொள்வேன், அது இன்னொன்று. யார் மனதில் என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோகிலவாணி, கார்ப்பரேட் தொடர்புப் பிரிவு என்று என் அட்டையில் போட்டிருக்கிறது. எம்.டி.யின் பதிவுகளை எழுதுவது இவள்தான் என்று அட்டையில் போட முடியாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது, ஓசூரில் இருக்கிற தம்பி தினகரனுக்கும் தெரியாது. அக்கா ஆபீசில் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்கிற அளவில் வீட்டில் நிற்கிறது. இப்போது எம்.டி. மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். வணக்கம் என்கிறார். கைதட்டல். இருபத்தேழு கருத்துகள் வந்துவிட்டன, விரலை ஓட்டு வாணி, விரலை ஓட்டு.

எங்கள் கம்பெனி தோட்டத்து மோட்டார் செய்வது. நான் அங்கே சேர்ந்தது மோட்டார் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தமிழ் வழிகாட்டிப் புத்தகம் எழுதத்தான். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒன்பது வருடம் அதை எழுதினேன், ஒருவரும் படித்ததில்லை, ஆனாலும் அதில் ஒரு பொய் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். கான்பரன்ஸ் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு. இனிமேல் வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்த்துப் பொருள் வாங்க மாட்டார், மனிதரைப் பார்த்துத்தான் வாங்குவார், ஆகவே ஒவ்வொரு அதிகாரியும் லிங்க்ட்இனில் மனிதராகத் தெரிய வேண்டும் என்றார். அதுவரை என்னவாகத் தெரிந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே கொள்முதல் மேலாளர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். கணக்குப் பிரிவுத் தலைவர் தன் தோட்டத்துச் சப்போட்டா மரத்தின் முன் நின்று எடுத்த படத்தைப் போட்டு, வளர்ச்சி என்று ஒரே வார்த்தை எழுதினார். எம்.டி. ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார், பதினோரு பேர் விரும்பினார்கள், பதினோரு பேரும் கம்பெனி ஆட்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தமிழில் எழுதுங்க சார், கோயமுத்தூரில் இந்த அளவில் இருக்கிறவர்கள் யாரும் தமிழில் எழுதுவதில்லை, தனியாகத் தெரிவீங்க என்றேன். "எனக்கு அந்தளவுக்குத் தமிழ் வராதுங்க வாணி, நீங்க எழுதிக் குடுங்க" என்றார். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணி. முதல் இரண்டு வரி ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு வெற்று வரி. நடுவில் கொஞ்சம் கண்ணீர், கடைசியில் ஒரு கேள்வி. வாரம் இரண்டு முறை நான் நாற்பத்தொன்பது வயது ஆணாக இருந்தேன். நன்றாகவே இருந்தேன். அவருக்கு இல்லாத பொறுமையைக் கொடுத்தேன், அவர் ஒருநாளும் கவனிக்காத செக்யூரிட்டியின் பெயரை அவர் நினைவில் வைத்திருப்பதாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் நிஜமாகவே செக்யூரிட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அந்தப் பெருமையை என்ன சொல்வது.

மேடையில் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் பட்டுத்துணி, துணிக்கு மேலே அது. இங்கிருந்தே தெரிகிறது, மஞ்சள் பிடி. போன வாரம் அவருடைய செயலாளர் என்னிடம்தான் கேட்டாள், பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று மேடைக்கு வேண்டும், உங்க வீட்டில் இருக்குமா என்று. இல்லை என்றேன். வீட்டில் இருக்கிறது. அப்பாவின் பெட்டியில், ஆயில் துணியில் சுற்றி, நுனி தேய்ந்து, பிடியில் அவர் கட்டைவிரல் பதிகிற இடம் வழவழவென்று. அவள் கம்பெனி ஸ்டோர்ஸில் புதிதாக ஒன்றை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறாள். அப்பா அதைத் திருப்புளி என்பார். சூலூரிலிருந்து பல்லடம் வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் பார்த்தவர், மயில்சாமி என்றால் மோட்டார்க்கார மயில்சாமி. ஓடுகிற மோட்டாரின் பேரிங் இருக்கிற இடத்தில் திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. தோட்டக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பா கண்ணைத் திறந்து, இன்னும் ரெண்டு மாசம் தாங்குமுங்க என்றால் இரண்டு மாதம்தான் தாங்கும். மெக்கானிக்குகள் பல பேர் செய்கிறதுதான் இது, அப்பா மட்டும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்தது அப்பாவுக்கு மட்டும்தான் நடந்தது. எனக்கும் அவருக்கும். அம்மா கீழே காபி குடிக்கப் போயிருந்தாள், நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்து மூச்சு களகளவென்று இருந்தது. "அம்மிணி, காதை வெச்சுப் பாரு" என்றார். நெஞ்சில் காதை வைத்தேன். "சத்தம் எப்படி இருக்குது?" என்றார். நல்லா ஓடுதுங்கப்பா என்றேன். சிரித்தார், சிரிக்கும்போது இருமல் வந்தது. "பொய் சொல்லாத. பேரிங் போயிருச்சு. இனி ஓட்டுனா பாடிக்குத்தான் கேடு." பிறகு, "உங்கம்மாகிட்டச் சொல்லீராத, பயந்துக்குவா. அவ இருக்கறாளேன்னுதான் இத்தனை நாள் ஓட்டுனேன்" என்றார். அவர் அம்மாவைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மறுநாள் காலையில் அவர் இல்லை.

அந்த டீயை நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதுவே முன்னால் வந்து நிற்கிறது. அப்பா போய் ஒரு மாதம் இருக்கும். ஈரோட்டில் டீலர் கூட்டம், எம்.டி. காரில் திரும்பிக்கொண்டிருந்தோம், பெருந்துறை தாண்டி மத்தியான வெயில். டிரைவருக்குப் பக்கத்தில் நான், பின்னால் அவர். போனை வைத்துவிட்டு, "அப்பா கடைசியில ரொம்பச் சிரமப்பட்டாருங்களா வாணி?" என்றார். அந்த ஒரு மாதத்தில் வந்தவர்கள் எல்லாம் என்ன வயசு, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்டார்கள். இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், திருப்புளியை, நெஞ்சில் காது வைத்ததை, அம்மாவிடம் சொல்லாதே என்றதைக்கூட. அம்மாவிடம் சொல்லாததை, தம்பியிடம் சொல்லாததை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அதனால் சொல்ல முடிந்தது. முடித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார், கண் சிவந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பைபாஸ் டீக்கடையில் அவரே இறங்கிப் போய் இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒன்று எனக்கு, ஒன்று டிரைவருக்கு. தனக்கு வாங்க மறந்துவிட்டார். தனக்கு வாங்க மறக்கிறவன் நடிக்கிறவனா? அன்றைக்கு அந்தக் கண்ணீர் நிஜம் என்று வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் தாங்க முடியவில்லை, பொய் என்று வைத்துக்கொண்டால் நான் முட்டாள். ஒரு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய்ப்போய் வருகிறேன். டீ நன்றாக இருந்தது, இஞ்சி போட்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வாட்ஸப்பில் ஒரு நீளமான செய்தி அனுப்பினார். "வாணி, முதல் தடவையா நானே எழுதிப் பாத்தேன். சரியாயிருக்கானு பாத்து நாளைக்கு ஒம்பது மணிக்குப் போட்டுருங்க." கீழே ஒரு கும்பிடு. திறந்தேன். அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தேன் என்று ஆரம்பம். அவருடைய அப்பா. கம்பெனியை நிறுவிய வரதராஜுலு, ரிசப்ஷனில் சந்தன மாலையோடு தொங்குகிறவர். ஒற்றை லேத்தில் தொடங்கியவர் என்பது கம்பெனிக் கதை என்பதால் கேட்கிறவர்களுக்குப் பொருந்திப்போகும். சத்தம் எப்படி இருக்குது, நல்லா ஓடுதுங்கப்பா, பொய் சொல்லாத, எல்லாம் இருந்தது. உங்கம்மாகிட்டச் சொல்லீராத, அதுவும் இருந்தது. கடைசியில் மட்டும் அவர் சொந்தமாக, காது கொடுத்துக் கேட்பதுதான் தலைமை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எனக்குத் தலை சுற்றவில்லை, அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் எழுந்து அவர் அறைக்குப் போயிருப்பேன். அதற்கு முன்னால் என் கண்ணில் ஒரு தப்பு பட்டுவிட்டது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை அப்பா காதில் வைத்துக் கேட்பார் என்று எழுதியிருந்தார். முனையைக் காதில் வைத்தால் காது கிழிந்துபோகும். அதைப் பார்த்ததும் கை தானாகத் திருத்தப் போய்விட்டது. முனை என்பதை அழித்துப் பிடி என்று போட்டேன். ஸ்க்ரூ டிரைவர் என்பதைத் திருப்புளி என்று மாற்றினேன். வரிகளை உடைத்தேன், வெற்று வரி விட்டேன். கடைசியில் கேள்வி இல்லையே என்று, உங்கள் அப்பா உங்களுக்கு விட்டுச் சென்ற சொல் எது என்று சேர்த்தேன். ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிட்டு, போய்க் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பாதி இட்லியில்தான் உறைத்தது. எங்கள் அப்பன் செத்ததை இன்னொருத்தன் பெயரில் நானே சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம், இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தவில்லை. கடைசியில் நான் சேர்த்த கேள்விக்கு ஆயிரத்து நானூறு பேர் தங்கள் அப்பாவைப் பற்றி எழுதினார்கள். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொன்னேன். உங்கள் தந்தை உங்களுக்குள் இருக்கிறார். உங்கள் இழப்பில் நானும் பங்குகொள்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை தினகரன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அக்கா, உங்க எம்.டி.யோட அப்பாவும் நம்ம அப்பா மாதிரியே திருப்புளியக் காதுல வெச்சுத்தான் கேப்பாராம், அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. படித்துக் காட்டினேன். வேறு என்ன செய்வது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். உங்கம்மாகிட்டச் சொல்லீராத, பயந்துக்குவா, அவ இருக்கறாளேன்னுதான் இத்தனை நாள் ஓட்டுனேன் என்கிற இடம் வந்ததும் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "எத்தனை பாசம் பாரு அந்த மனுசனுக்கு, பொண்டாட்டி மேல. சாகற நேரத்துலயும் அவ பயந்துக்குவான்னு நெனைச்சிருக்காரு" என்றாள். பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "உங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பதைப் போலச் சொன்னாள். முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள். அவளுக்கென்று அவர் விட்டுப்போன ஒரே வார்த்தையை என் வாயாலேயே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன், அது வேறு எவளோ ஒரு அம்மாவுக்குச் சொன்னதாக. வாயைத் திறந்தேன். அம்மா, அது, என்றேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அதன் பிறகு அவள்தான் சொன்னாள், பாவம் அந்த மனுசனுக்கு நம்மளால ஆனது ஒரு விளக்காச்சும் போடலாம், உனக்குச் சோறு போடற எடம் என்று. பேரூர் கோயிலில் போய் மோட்ச விளக்கு. அதை இப்போது நினைக்க வேண்டாம். பேரூரை விடு. கருத்துகள் நாற்பத்தாறு. எழுபதுக்கு மேல் போய்விட்டால் பிடிக்க முடியாது.

மேடையில் குரல் தணிகிறது. இந்த இடத்தில் குரலைத் தணிக்கச் சொல்லி நான்தான் தாளில் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தேன். "ஆஸ்பத்திரியில எங்கப்பாவோட நெஞ்சுல காதை வெச்சேன்" என்கிறார். வரதராஜுலு இறந்தபோது இவர் அங்கே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால், சென்னையில், வென்டிலேட்டரில். இவர் ஜெர்மனியில் மோட்டார் கண்காட்சியில் இருந்தார், பிளைட் கிடைத்து வந்து சேர்ந்தபோது உடலைத்தான் பார்க்க முடிந்தது. வருடாவருடம் பேப்பரில் போடுகிற நினைவஞ்சலியை நான்தான் எழுதுகிறேன், அதனால் தெரியும். காதை வைக்க ஒரு நெஞ்சு கிடைக்காதவர். அந்த டீக்கடையில் அவர் அழுதது அதற்காகத்தான் இருக்கும். அதற்காக இருந்தால் என்ன. இல்லாதவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும் இல்லையா. கேட்காமல் எடுத்துக்கொண்டு, எடுத்ததை என்னையே துடைத்துக் கொடுக்கச் சொன்னான். அதுவும் போகட்டும். எடுத்தது என்கிற நினைப்பாவது இருக்க வேண்டும். போன மாதம் லிஃப்டில் என்னிடமே சொல்கிறார், "எங்கப்பா சொன்னது இன்னும் காதுலயே இருக்குங்க வாணி" என்று. நான் முகத்தைப் பார்த்தேன். ஒரு கூச்சம், ஒரு கண் தாழ்த்தல், எதுவும் இல்லை. நம்பிவிட்டார். பத்து இடத்தில் சொல்லிச் சொல்லி அது அவருடையதாகவே ஆகிவிட்டது. திருடினவனைப் பிடித்து உலுக்கலாம், மறந்துபோனவனை என்ன செய்வது. இதோ மஞ்சள் பிடியை எடுக்கிறார். தூக்கிக் காட்டுகிறார், கேமரா கிட்டே போகிறது. "இப்படி வெச்சுத்தான் அப்பா கேப்பாரு" என்று சொல்லிக்கொண்டு பிடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, இரும்பு முனையைக் காதுக்குள் கொண்டுபோகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். மோட்டார் கம்பெனி முதலாளி, முன்வரிசை முழுக்க மோட்டாரும் பம்பும் வால்வும் செய்கிற கம்பெனி முதலாளிகள், ஒருத்தர் முகத்தில்கூட ஒரு சின்னச் சுளிப்பு இல்லை. பிறகு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எனக்கு எதற்காகவோ சிரிப்பு வருகிறது.

கருத்து ஐம்பத்தொன்று, அருமை சார். ஐம்பத்திரண்டு, கண்கள் பனித்தன. ஐம்பத்து மூன்று, தினகரன் மயில்சாமி. தினா. இன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் அவனுக்கு, வீட்டில் இருக்கிறான். சின்ன வட்டத்துக்குள் அவன் படம், கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்தில் வெட்டிவிட்ட என் தோள் தெரிகிறது. "வணக்கம் சார். என் அக்கா உங்க கம்பெனிலதான் வேலை செய்றாங்க. எங்க அப்பா மயில்சாமியும் மோட்டார் மெக்கானிக்தான். தப்பா நெனைக்காதீங்க சார், முனை மோட்டார்ல வெக்கணும், பிடியத்தான் காதுல வெக்கணும். எங்கப்பா அப்படித்தான் கேப்பாரு." படிக்கிறேன். இன்னொரு தடவை படிக்கிறேன். பொடியனாக இருக்கும்போது அப்பாவுடைய டிவிஎஸ் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு தோட்டம் தோட்டமாகப் போனவன் அவன்தான், நான் இல்லை. இத்தனை பெரிய மனிதர்களில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, இவனுக்கு வந்திருக்கிறது. இப்படி வருகிற கருத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். விதி எழுதியதே நான்தான். எம்.டி.யைத் திருத்துகிற கருத்து என்றால் முதல் நிமிடத்தில் மறைத்துவிடு, அல்லது உங்கள் கூர்மையான கவனிப்புக்கு நன்றி என்று போடு. முப்பத்தாறாவது வாக்கியம். விரலை வைத்து எழுதினேன், உங்கள் கூர்மையான. என் தம்பிக்கு நான், நாற்பத்தொன்பது வயது அனந்தகிருஷ்ணனாக. அவனைத் தூக்கி வைத்துச் சோறு ஊட்டினவள். அழித்தேன். மறைத்துவிடலாம், ஒரே தொடுதல், தினா நாளைக்கு மறந்தும்போவான். அம்மா, உங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு என்று சொல்லிக்கொண்டே மீதி நாளைக் கழிப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டே கழிப்பாள். மேடையில் எம்.டி. விருதைத் தலைக்கு மேலே தூக்குகிறார். என் கை எழுதுகிறது, முனையைப் பிடியாக மாற்றின அதே கை. 'ஆமாம் தினகரன், பிடிதான். நான் சொன்னது என் அப்பாவைப் பற்றி அல்ல. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னவர் உங்கள் அப்பா மயில்சாமி. உங்கள் அம்மாவைப் பற்றித்தான் சொன்னார்.' ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், பழக்கம். இல்லை. அனுப்பினேன். அனந்தகிருஷ்ணன், நிர்வாக இயக்குநர் என்று அதன் மேலே அவர் சிரித்த முகம் வந்து உட்கார்ந்தது.

ஒன்றும் ஆகவில்லை. ஹால் அப்படியேதான் இருக்கிறது. மேடையில் பூங்கொத்து கொடுக்கிறார்கள், போட்டோவுக்கு நிற்கிறார்கள். பிறகு கைப்பைக்குள் என் போன் அதிர்ந்தது, தினா. எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். "அக்கா, என்னக்கா இது? உங்க எம்.டி. எனக்கு என்னமோ போட்டிருக்காரு. மேடைல நிக்கறாரு, எனக்கு ரிப்ளை வருது." படித்தேன் தினா என்றேன். "நம்ம அப்பான்னு போட்டிருக்குது. அம்மாவப் பத்தின்னு போட்டிருக்குது." ஆமாம் என்றேன். அவன் கெட்டிக்காரன், அப்பா மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிடுவான். "போன வருசம் போட்டதுல பிடின்னு சரியா இருந்துச்சே. இன்னிக்கு அந்தாளு முனையத் தூக்கிக் காதுல வெக்கறாரு. அப்ப அன்னிக்கு அதை எழுதுனது யாரு?" அவர்தான் எழுதினார் என்றேன். அவரிடம் சொன்னது நான். திருத்திக் கொடுத்ததும் நான், அதையும் சொன்னேன். முன்வரிசையைத் தாண்டி எம்.டி. இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார், கையை நீட்டிக்கொண்டு, போனை வாங்கிக்கொள்ள, முகம் முழுக்கச் சிரிப்பு. தினா கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. சின்னக் குரலில், "அம்மா அவங்கப்பாவுக்குன்னு பேரூர்ல விளக்குப் போட்டுச்சுக்கா. நீதான கூட்டிட்டுப் போன" என்றான். ஆமாம், நான்தான். ஸ்கூட்டரில். நெய் வாங்கிக் கொடுத்தேன், திரி நனைந்திருந்ததால் வேறு திரி வாங்கினேன். யார் பேருக்குங்கம்மா என்று குருக்கள் கேட்டபோது அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரதராஜுலு என்று நான்தான் சொன்னேன்.